பாட்டியின் படம்: அமெரிக்காவின் இத்தாலியக் குடும்ப உணவகங்கள்

இத்தாலியக் குடும்ப உணவகம் என்றதும் மனக்கண்ணில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட மேசை விரிப்பு. வைக்கோல் உறை சுற்றிய மதுக்குப்பியின் வாயில் செருகிய மெழுகுவர்த்தி. சுவரில், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நம்மையே பார்த்து நிற்கும் ஒரு பாட்டி. உணவுப் பட்டியலின் முதற்பக்கத்தில், இங்குள்ள சமையல் முறைகள் யாவும் அப்பாட்டி கடல் கடந்து கொண்டுவந்தவை என்று ஒரு குறிப்பும் இருக்கும். அமெரிக்க நகரங்களில் இத்தகைய உணவகங்களில் உண்டவர்கள் இதனை நேரில் அறிவர். ஏனையோர் திரைப்படங்களின் வாயிலாக அறிவர்.

அப்பாட்டி உண்மையில் எதைக் கொண்டுவந்தார் என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா. விடையை முன்னதாகவே சொல்லிவிடுவதில் தவறில்லை. அவர் கொண்டுவந்த சமையல் முறைகள் சில. கொண்டுவந்த பசியோ பெரிது. அவ்வுணவகத்தை உருவாக்கியதில் முன்னதைவிடப் பின்னதற்கே பங்கு அதிகம்.

முதலில் உணவின் தொன்மையைப் பார்ப்போம். இத்தாலிய உணவென்றால் தக்காளி என்று ஆகிவிட்டது. ஆனால் தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பசின் பயணத்திற்குப் பின்னரே ஐரோப்பாவை அடைந்தது. 1544இல் மத்தியோலி என்னும் மருத்துவரின் நூலில் அதைப் பற்றிய முதற்குறிப்பு காணப்படுகிறது. நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பவர் தக்காளிச் சாறு செய்யும் முறையை அச்சில் தந்தது 1690களில். அதற்கும் அவர் ஸ்பானிய முறை என்றே பெயரிட்டார். மாவிழையும் தக்காளிச் சாறும் ஒரே தட்டில் சேர்ந்து மக்கள் உணவாகப் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

இதற்கு மாறாக, அம்மேசையில் உண்மையாகவே தொன்மை வாய்ந்த பொருள் ஒன்று உண்டு, அது மிளகு. அபீசியுஸ் என்னும் பெயரால் வழங்கும் உரோமானியச் சமையல் நூலில் மிளகு சேராத உணவு மிகச் சிலவே. அம்மிளகு சேர நாட்டு முசிறியிலிருந்து சென்றது. யவனர் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பதிவு செய்திருப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். ஆக, இத்தாலிய மேசையில் நம் நாட்டு மிளகுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வயது. அவர்கள் தம் அடையாளமாகக் கருதும் தக்காளிக்கு அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

இத்தாலியச் சமையல் என்னும் கருத்தே அண்மைக் காலத்தது. பல அரசுகளாகப் பிரிந்து கிடந்த அந்நாடு 1861இல்தான் ஒன்றாயிற்று. அந்நாளில் சிசிலித் தீவினனும் பியேமோந்தே மலைநாட்டினனும் பேசினால் ஒருவருக்கொருவர் விளங்காது, உணவும் அவ்வாறே. பெல்லெக்ரினோ அர்த்தூசி என்பவர் பல வட்டாரங்களின் சமையல் முறைகளைத் திரட்டி 1891இல் ஃப்ளாரன்ஸ் நகரில் தம் சொந்தச் செலவில் வெளியிட்ட நூலே, அந்நாட்டுக்குப் பொதுவான சமையல் ஒன்று உண்டு என்ற எண்ணத்தை நடுத்தர வகுப்பினரிடையே பரப்பியது. ஆயினும் அந்நூலை வாங்கிப் படித்தவர்கள் கப்பலேறவில்லை. கப்பலேறியவர்களுக்கு அந்நூலில் இருந்த உணவு வாய்த்ததில்லை.

ஒன்றுபட்ட இத்தாலியின் நாடாளுமன்றம் 1877இல் உழவர்களின் நிலையை ஆராய ஸ்தேபனோ யாச்சீனி தலைமையில் ஒரு குழுவை அமர்த்தியது. அக்குழு சில ஆண்டுகளில் வெளியிட்ட பல தொகுதிகள், ஒரு நாடு தன் வறுமையைத் தானே எழுதிக்கொண்ட ஆவணம் எனலாம். வடக்கே உழவர்கள் மக்காச்சோளக் கூழை மட்டுமே உண்டு, சத்துக் குறைவால் பெல்லாக்ரா என்னும் நோய்க்கு ஆளாயினர். தெற்கே தாழ்ந்த தானியங்களின் கறுப்பு ரொட்டியும் அவரையும் காட்டுக் கீரைகளுமே அன்றாட உணவு. கோதுமை மாவிழை திருவிழாவுக்கு; இறைச்சி ஆண்டில் சில நாட்களுக்கு. 1869 முதல் அரசு தானியம் அரைப்பதற்கே வரி விதித்தது. திரிகை சுற்றும் எண்ணிக்கையைக் கருவி வைத்துக் கணக்கிட்டு வாங்கிய வரி அது. அதை எதிர்த்துக் கிளர்ச்சிகள் வெடித்தன. பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் அவ்வரி நீங்கிற்று, பசி நீங்கவில்லை.

1880க்கும் 1924க்கும் இடைப்பட்ட காலத்தில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்றனர். மிகப் பெரும்பாலோர் தென்னாட்டினர். தொடக்கத்தில் பெரும்பாலும் தனியே சென்ற ஆடவர். இருப்புப்பாதையிலும் சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் கூலிகளாயினர். ஆளனுப்பும் கங்காணிகள் அங்கும் இருந்தனர். 'பத்ரோனே' என்பது அவர்களுக்குப் பெயர். வேலைக் களத்தில் கங்காணியின் கடையிலேயே, அவன் சொன்ன விலைக்கே, உணவுப் பொருளை வாங்க வேண்டும் என்பது எழுதாத விதி.

இவ்விடத்தில்தான் உணவகத்தின் முதல் வித்து விழுகிறது. மனைவியோடு வந்த சிலர், தம் ஒண்டுக் குடித்தன வீட்டில், தனியாய் வந்த ஊர்க்காரர் நால்வரையோ ஐவரையோ கட்டணத்துக்குத் தங்க வைத்தனர். அவர்களுக்குச் சமைத்ததும் துணி துவைத்ததும் வீட்டுப் பெண்ணே. ஆலையில் வேலை செய்து களைத்து வரும் பத்துப் பேருக்கு நாள்தோறும் வெவ்வேறு வேளைகளில் சோறு போடத் தெரிந்த ஒருத்திக்கு, அதே அடுக்களையில் நான்கு மேசைகளைப் போட்டுவிட்டால் அது உணவகம். முதலீடு வேண்டியதில்லை, ஆங்கிலம் அதிகம் வேண்டியதில்லை, கூலியாளும் வேண்டியதில்லை. கணவன் பரிமாறுவான், பிள்ளைகள் பாத்திரம் கழுவுவார்கள்.

அந்த அடுக்களையில் சமைத்த உணவு ஊரில் அவர்கள் உண்ட உணவன்று. அமெரிக்காவில் இறைச்சி மலிவு. வெள்ளை மாவும் மலிவு. ஊரில் நிலக்கிழாரின் வீட்டுச் சாளரத்தின் வழியே மணத்தை மட்டும் அறிந்த பண்டங்களை இங்கே நாள்தோறும் சமைக்க முடிந்தது. மாவிழைக் குவியலின்மீது முழு இறைச்சி உருண்டைகளை அடுக்கித் தரும் பண்டம் இவ்வாறு அமெரிக்காவில் உருவானதே. இத்தாலியில் இறைச்சி உருண்டை தனியாக உண்ணப்படுவது. அப்ருட்சோ வட்டாரத்தில் மாவிழையோடு சேரும் உருண்டைகளோ சுண்டைக்காய் அளவினவே. வரலாற்றாசிரியர் ஹாசியா டைனர் தம் நூலில் விரித்துரைப்பதும் இதுவே: புலம்பெயர்ந்தோர் தாம் உண்ட உணவைவிட, உண்ண ஏங்கிய உணவையே புதிய நாட்டில் தம் மரபாக ஆக்கிக்கொண்டனர்.

புதிய நாடு இதனை வரவேற்றதென்று எண்ண வேண்டா. பூண்டு மணம் என்பது அவர்களைக் குறிக்கும் வசைச்சொல்லாயிற்று. 1891 மார்ச் 14ஆம் நாள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. நல்லெண்ணம் கொண்ட சமூகத் தொண்டர்களும் வீடுதோறும் சென்று, கலவை உணவு செரிக்காது, காரசாரம் ஆகாது, பிள்ளைகளுக்குப் பாலும் ஓட்சுக் கஞ்சியும் கொடுங்கள் என்று அறிவுறுத்தினர். பின்னாளில் நியூ யார்க்கின் கிழக்கு ஹார்லெமில் புகழ்பெற்ற கல்வியாளராக விளங்கிய லியோனார்டு கொவெல்லோ தம் தன்வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். சிறுவனாகத் தாம் படித்த தொண்டுப் பள்ளியில் கொடுத்த ஓட்சுப் பொட்டலத்தை அவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். தந்தையார் அதைக் கையில் கொட்டிப் பார்த்தார். தம் ஊரில் விலங்குகளுக்கு இடும் தீனியைப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் பள்ளி எத்தகைய பள்ளி என்று அவர் சினந்தார். பசித்து வந்தவர்தாம், ஆயினும் உணவில் மானம் உண்டு என்று அறிந்தவர்.

குடும்ப உணவகத்தை வாழ வைத்தது, வியப்புக்குரிய வகையில், அதை அழித்திருக்க வேண்டிய ஒரு சட்டம். 1920 சனவரியில் அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மது விற்பனையின் ஆதாயத்தால் நடந்த பெரிய பிரெஞ்சு பாணி உணவகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. நியூ யார்க்கின் பெருமை எனப்பட்ட டெல்மோனிக்கோசு 1923இல் கதவை மூடிற்று. சட்டத்தில் ஒரு சிறு வாயில் இருந்தது. வீட்டில் தம் பயன்பாட்டுக்கெனப் பழச்சாறு செய்துகொள்ளலாம் என்னும் விதிவிலக்கு, நடைமுறையில் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 200 காலன், அதாவது 750 லிட்டருக்குச் சற்று மேல், திராட்சை மதுவுக்கு இடமளித்தது. நிலவறையில் மது காய்ச்சுவது இத்தாலியக் குடும்பங்களுக்கு வழிவழி வந்த வேலை. கலிபோர்னியத் திராட்சை தொடர்வண்டிப் பெட்டிகளில் கிழக்கு நோக்கி வந்து இறங்கியது.

வீட்டில் செய்த மதுவை விற்பது குற்றமே. ஆயினும் வரவேற்பறையில் ஓர் உணவுக்கு விலை சொல்லி, காப்பிக் கோப்பையில் மதுவை ஊற்றிக் கொடுத்தால் யார் பிடிப்பார்? கிரீனிச் வில்லேஜ் பகுதியின் எழுத்தாளர்களும் ஓவியர்களும், அதுவரை இத்தாலியத் தெருவுக்குள் கால் வைக்காத நடுத்தர வகுப்பினரும், மதுவுக்காக வந்தனர். மாவிழையை விரும்பிச் சென்றனர். குடும்பம் என்பது இங்கே ஒரு பாதுகாப்பு. அடுக்களையில் இருப்பவள் தாய், வாசலில் நிற்பவன் தம்பி என்றால், காட்டிக்கொடுக்க ஆள் இல்லை. 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியபோது இத்தாலிய உணவகம் அமெரிக்கப் பெருநகர வாழ்வின் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது. இதற்கிடையே 1924இன் குடியேற்றச் சட்டம் இத்தாலியிலிருந்து வருவோரை ஆண்டுக்கு நான்காயிரத்துக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டது. உணவு உள்ளே வந்தது. அதைச் சமைத்தவர்களின் உறவினருக்குக் கதவு அடைபட்டது.

இவ்விரண்டும் ஒருங்கே நிகழக் கூடும் என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று 1942. இத்தாலியோடு போர் மூண்டதும், அமெரிக்காவில் வாழ்ந்த ஏறத்தாழ ஆறு இலட்சம் குடியுரிமை பெறாத இத்தாலியர் 'பகைநாட்டு அயலார்' என்று பதிவு செய்யப்பட்டனர். பகைவனின் மொழியைப் பேசாதீர் என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. சான் பிரான்சிஸ்கோவில் ஜுசெப்பே டிமாஜியோ என்னும் முதிய மீனவர் இருந்தார். சிசிலியிலிருந்து 1898இல் வந்தவர். அவர் மகன் ஜோ டிமாஜியோ 1941இல் பேஸ்பால் ஆட்டத்தில் தொடர்ந்து 56 போட்டிகளில் அடித்து நாட்டின் நாயகனாகிவிட்டார். அவர் குடும்பத்தின் உணவகம் 1937 முதல் மீனவர் துறையில் நடந்து வந்தது. குடியுரிமை பெறாத தந்தையாரோ, கரையோரப் பகுதி தடை செய்யப்பட்டதால், தம் பிள்ளைகளின் உணவகம் இருந்த அத்துறைக்குள் கால் வைக்க முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் அந்த முத்திரை நீக்கப்பட்டது. நடந்தது அநீதி என்பதை ஒப்புக்கொள்ளும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

இவ்வரலாற்றை ஏட்டில் படித்திருந்த நாம், நியூ ஜெர்சியில் வாழும் கல்லூரிக்கால நண்பர் ஒருவருடன் பிராங்க்ஸ் பகுதியின் ஆர்தர் அவென்யூவில் ஒரு மாலை உண்ண நேர்ந்தது. தெருவில் தள்ளுவண்டிகளில் விற்றவர்களைக் கூரையின்கீழ் கொண்டுவர, இத்தாலியக் குடியேறியின் மகனான நகரத் தலைவர் லா கார்டியா 1940இல் திறந்த சந்தை இன்றும் அங்கு நடக்கிறது. அதற்கு அருகில் பத்து மேசைகளே கொண்ட உணவகம். பாட்டியின் படம் சுவரில் இருந்தது. பேத்தியாகிய, அறுபதைக் கடந்த அம்மையார் கல்லாவில் இருந்தார். மகன் அடுப்படியில் நின்றார்.

நண்பர் தம் தட்டைப் பார்த்து மலைத்தார். "என்ன வாத்தியாரே, இது ஒரு ஆளுக்கா, ஒரு பந்திக்கா?" என்றார். பாதியை மிச்சம் வைத்ததும் அம்மையார் வந்துவிட்டார். சுவையில்லையா என்று கேட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றோம். அப்படியென்றால் நல்லது, எடுத்துச் செல்லுங்கள் என்று தாமே பெட்டியில் கட்டினார். குறைவாகப் பரிமாறினால் என்ன என்று நண்பர் ஆங்கிலத்தில் விளையாட்டாகக் கேட்டார். பாட்டி உயிரோடு இருந்தவரை அடுக்களையில் நின்று திரும்பி வரும் தட்டுகளைப் பார்ப்பாராம். வழித்துத் துடைத்த தட்டு வந்தால், அந்த மேசைக்குப் போதவில்லை என்று வருந்துவாராம். மிச்சத்தோடு வந்தால்தான் அவருக்கு நிம்மதி என்றார் அம்மையார். யாச்சீனி குழுவின் தொகுதிகள் சொல்வதை அந்தத் தட்டும் சொல்லிற்று.

பின்பு நண்பர், உங்களுக்குப் பின் யார் என்று கேட்டார். மகனுக்கு ஒரே மகள், சட்டம் படிக்கிறாள் என்று கைப்பேசியில் படத்தைக் காட்டினார். உணவகத்துக்கு வருவாளா என்றதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள் என்றார். அவர் குரலில் வருத்தத்தை எதிர்பார்த்த நாம் பெருமையைத்தான் கேட்டோம். வெளியே வந்ததும் நண்பர், "நல்ல கடை, இத்தோடு போய்விடுமே" என்று வருந்தினார்.

போய்விடுவதற்கு இருவழிகள் உண்டு. முதல் வழி, பெயர் மட்டும் வாழ்வது. பியாசென்சா நகரில் 1897இல் பிறந்த எத்தோரே பொயார்தி, 1920களில் கிளீவ்லாந்தில் உணவகம் தொடங்கினார். வாடிக்கையாளர் அவர் செய்த தக்காளிச் சாற்றைப் பால் குப்பிகளில் வாங்கிச் சென்றனர். குப்பி ஆலையாயிற்று, அமெரிக்கர் நாவுக்கு ஏற்பப் பெயர் பொயார்டீ என்று திரிந்தது, போர்க்காலத்தில் படைவீரருக்குத் தகர டப்பாவில் உணவு சென்றது, போருக்குப் பின் நிறுவனம் கைமாறிற்று. நியூ யார்க்கில் 1906இல் லூயிசா லியோனே தம் வீட்டு வரவேற்பறையில் 20 இருக்கைகளோடு தொடங்கிய உணவகமும் அவ்வாறே. பிள்ளைகள் வளர்த்த அவ்வுணவகம் 1959இல் ஒரு பெருநிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 'மம்மா' என்ற சொல் பலகையில் நீடித்தது. 1994இல் அதுவும் மூடப்பட்டது. 1982இல் ஃப்ளோரிடாவில் ஒரு மாவு நிறுவனம் தொடங்கிய ஆலிவ் கார்டன், எந்தக் குடும்பமும் நடத்தாத நூற்றுக்கணக்கான கிளைகளில், வருவோரையெல்லாம் குடும்பத்தினர் என்று விளம்பரத்தில் அழைத்தது.

இரண்டாவது வழி, அந்த அம்மையார் பெருமையோடு காட்டிய வழி. குடும்ப உணவகத்தைப் பற்றிய புகழுரைகளில் மறைந்து போவது ஒன்றுண்டு. அது கூலி கொடாத உழைப்பில் நின்றது. விடியுமுன் சந்தைக்குச் சென்ற தந்தை, நாள் முழுதும் அடுப்பின் முன் நின்ற தாய், பள்ளி விட்டதும் பாத்திரம் கழுவிய பிள்ளைகள் ஆகியோரின் உழைப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை. அப்பிள்ளைகள் விரும்பித்தான் கழுவினார்களா என்று யாரும் கேட்டதுமில்லை. அவ்வுழைப்பின் நோக்கம் உணவகத்தை என்றென்றும் நடத்துவதன்று. அடுத்த தலைமுறை அவ்வடுப்பின் முன் நிற்க வேண்டாதபடி செய்வதே. நூறாண்டுகள் சோறு போட்டு ஒரு பெண்ணைச் சட்டம் படிக்க வைத்த அடுக்களை அணைந்தால், அதனைத் தோல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இழப்பு உண்பவர்களாகிய நம்முடையது. அந்த இழப்புக்காக இன்னொரு தலைமுறையை அடுப்படியில் நிறுத்தி வைக்க நமக்கு உரிமையில்லை.

உணவுப் பட்டியலில் காணும் பழம்பெருமைக் குறிப்பை நாம் எள்ள வேண்டியதில்லை. அக்குறிப்பு சொல்லும் சமையல் முறை புதிதாய் இருக்கலாம். தக்காளி வந்தேறியாய் இருக்கலாம். இறைச்சி உருண்டை அமெரிக்காவில் பிறந்ததாய் இருக்கலாம். பாட்டி உண்மை. வாசக அன்பர்கள் எங்கேனும் இத்தகைய உணவகத்தில் அப்படத்தைக் காண நேர்ந்தால், அவர் என்ன சமைத்தார் என்று கேட்பதோடு, எத்தனை மணிக்கு எழுந்தார் என்றும் கேட்டுப் பாருங்கள். வீட்டாருக்கு அந்த விடை பெரும்பாலும் நினைவிருக்கும்.